தாழ்ந்து ஒலித்த தொலைக்காட்சி

தொலைக்காட்சியை ஸ்டீரியோ பெருக்கியுடன், அதாவது வலுக்குறைந்த மின்குறிப்பை வளர்த்து ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் கருவியுடன், இணைத்தபோது சத்தம் குறைந்ததற்குப் பல வேளைகளில் காரணம் பழுதன்று. வெவ்வேறு காலங்களில் வகுக்கப்பட்ட மின்னழுத்த அளவுகள் பொருந்தாமையே. பிரான்சில் 1970களின் பிற்பகுதியில் உருவாகி ஐரோப்பாவெங்கும் பரவிய, தொலைக்காட்சிகளின் 21 முனை ஸ்கார்ட் இணைப்பியில் ஒலிக்குறிப்பின் வழக்கமான அளவு ஏறத்தாழ 0.5 வோல்ட், 1982இல் விற்பனைக்கு வந்த சிடி பிளேயரோ உச்சத்தில் சுமார் 2 வோல்ட் தந்தமையால், அதற்கேற்பச் சத்தத்தை அமைத்துப் பழகியவர்களுக்குத் தொலைக்காட்சி மங்கியே கேட்டது. இசைத்தட்டு ஊசியின் சில மில்லிவோல்ட்டுக்கென அமைந்த ஃபோனோ உள்ளீட்டைச் சத்தம் கூட்ட நாடியது தவறான குறுக்குவழி. தாழ்ந்த சுரங்களை உயர்த்தி உச்சச் சுரங்களைக் குறைக்கும் திருத்தம் அதனுள் இருப்பதால் ஒலி சிதைந்தது. ஹெட்போன் வெளியீட்டைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் தொலைக்காட்சியின் சத்தத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. பின்னாளைய பெருக்கிகள் சிலவற்றில் ஒவ்வோர் உள்ளீட்டின் அளவையும் தனித்தனியே சரிசெய்யும் வசதி இடம்பெற்றது.