மரியாதை குறைகிறதா? ஒரு பூட்ஸ் சொல்லும் கதை

"காலம் ரொம்பக் கெட்டுப் போச்சுங்க. யாருக்கும் மரியாதையே தெரியல!"

கோட்டக்குப்பம் பஸ் ஸ்டாப்பில் பாண்டிச்சேரி பஸ்ஸுக்காகக் கால் மணி நேரம் நின்றால் போதும். இந்த வசனத்தை யாராவது ஒரு பெரியவர் சொல்லக் கேட்கலாம். அவர் சொல்வதிலும் தப்பில்லை. பஸ் வந்ததும் வயதானவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள். ஊருக்கே கேட்கும்படி செல்போனில் பேசுகிறார்கள். சில்லறை இல்லை என்றால் கண்டக்டர் எரிந்து விழுகிறார், கண்டக்டர் மேல் பயணிகள் எரிந்து விழுகிறார்கள். முரட்டுத்தனம்தான் இனி நடைமுறை என்று ஆகிவிட்டதோ என்ற பயம் நியாயமானதுதான்.

ஆனால் ஒரு சின்னக் கேள்வி... "அந்தக் காலத்தில் மரியாதை இருந்தது" என்கிறோமே, அது யாருக்கு இருந்தது?

இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம். கோட்டக்குப்பத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

எல்லையில் ஓர் ஊர்

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர். 2021ல் நகராட்சி ஆனது. ஊரைத் தாண்டினால் முத்தியால்பேட்டை, அதாவது புதுச்சேரி. இன்று இது வெறும் மாநில எல்லை. 1947 வரை இந்தப் பக்கம் ஆங்கிலேயரின் தென்னாற்காடு மாவட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கைமாற்றியது 1954 நவம்பர் 1 அன்றுதான். இப்படி இரண்டு அரசுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் ஒரே விஷயம் பெரிய பிரச்சினையாக இருந்தது. அது... செருப்பு!

பூட்ஸ் போட்ட வக்கீல்

பெரியவர்கள் முன்னால் செருப்பைக் கழற்றுவது நம் ஊர் வழக்கம். ஆங்கிலேய அதிகாரிகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இந்தியர்கள் தங்கள் முன்னால் வெறுங்காலோடுதான் வர வேண்டும் என்றார்கள். படித்த இந்தியர்கள் ஐரோப்பிய பூட்ஸ் போட ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. 1854ல் ஆங்கில அரசு ஒரு சமரசம் செய்தது. அரசு நிகழ்ச்சிகளில் ஐரோப்பிய பூட்ஸ் போட்டவர்கள் அப்படியே வரலாம் என்று அனுமதித்தது. பின்னர் இது கோர்ட்டுகளுக்கும் வந்தது. நாட்டுச் செருப்பு போட்டவர்கள் மட்டும் வாசலிலேயே கழற்ற வேண்டும்! அப்படியென்றால் பிரச்சினை தூசியோ அழுக்கோ இல்லை. யாருடைய கால் என்பதுதான் பிரச்சினை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1873ல் புதுச்சேரி கோர்ட்டில் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பிய பூட்ஸ் போட்டு வந்தார். நீதிமன்றத்தை அவமதிக்கிறார் என்று அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. ஒரு பிரெஞ்சு வக்கீல் அதே பூட்ஸோடு வந்தால் அது நாகரிகம். ஒரு தமிழ் வக்கீல் வந்தால் அது திமிர்!

பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கைப் பாரிஸில் இருந்த மேல் நீதிமன்றம் வரை கொண்டு போய் ஜெயித்தார். பிறகு 1881 செப்டம்பர் 21ல் ஒரு பிரெஞ்சு அரசாணை வந்தது. இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க அது வழி செய்தது. அதன்படி அவர் தன் பெயரோடு "லா போர்த்" என்ற குடும்பப் பெயரைச் சேர்த்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்குக் "கதவு" என்று அர்த்தம்.

கோயிலுக்குள் ஒரு சுவர்

வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொன்னால் கதை பாதியிலேயே நின்றுவிடும்.

ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேவின் துபாஷியாக இருந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் நடந்த ஒரு சம்பவம் வருகிறது. அன்றைய புதுச்சேரி மாதா கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், இன்னொரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். தாழ்த்தப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள்.

ஒரே சாமியை ஒரே கூரையின் கீழ் கும்பிட வேண்டும் என்று கேட்டது ஒரு தரப்புக்கு நியாயம், இன்னொரு தரப்புக்கு மரியாதைக் குறைவு. இது நடந்து 280 வருடம் ஆகிறது. "காலம் கெட்டுப் போச்சு" என்ற புலம்பல் எவ்வளவு பழசு என்று பாருங்கள்!

நீ, நீர், நீங்கள்

மொழியிலும் இதே கதைதான். சங்க காலப் புலவர்கள் அரசனை நேருக்கு நேர் "நீ" என்றே பாடினார்கள். புறநானூற்றில் நிறைய உதாரணங்கள் உண்டு. யாரும் அதை அவமரியாதை என்று நினைக்கவில்லை. பலரைக் குறிக்கும் "நீர்" என்ற சொல், பின்னால் ஒரே ஆளுக்கு மரியாதை கொடுக்கவும் பயன்பட்டது. அதற்கும் மேலே "கள்" சேர்ந்து "நீங்கள்" வந்தது.

மரியாதைச் சொற்கள் பெருகியது நல்ல விஷயம்தானே? நல்லதுதான், எல்லோருக்கும் கிடைத்திருந்தால். பண்ணையார் வீட்டுப் பத்து வயதுப் பையன் அறுபது வயதுக் கூலிக்காரரை "வாடா, போடா" என்றான். அவர் அந்தப் பையனை "சின்ன எஜமான்" என்றார். அன்றைக்கு இதற்குப் பெயர் முரட்டுத்தனம் இல்லை, "முறை"!

இந்த முறையை உடைக்க வேண்டும் என்று கிளம்பியதுதான் பெரியாரின் இயக்கம். அது தனக்கு வைத்துக்கொண்ட பெயரே சுயமரியாதை என்பது கவனிக்கத்தக்கது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. இதையும் அன்று சிலர் பெரியவர்களை மதிக்காத செயல் என்றுதான் திட்டியிருப்பார்கள்.

காலில் விழுந்த முதியவர்கள்

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2021 மே மாதம், இதே விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் உள்ள ஒட்டனந்தல் கிராமம். கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் அனுமதி இல்லாமல் திருவிழாக் கச்சேரி நடத்தினார்கள் என்பதற்காக, தலித் முதியவர்கள் மூன்று பேரை ஊர்ப் பஞ்சாயத்தில் காலில் விழ வைத்தார்கள். வீடியோ பரவியது. போலீஸ் வழக்குப் போட்டுக் கைது செய்தது.

விழுந்தவர்கள் முதியவர்கள்! "பெரியவங்களுக்கு மரியாதை இல்லை" என்று புலம்புகிறவர்கள் இந்த மூன்று பெரியவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

ஒரு மாற்றம் உண்மையிலேயே நடந்திருக்கிறது. நூறு வருடம் முன்னால் இது "முறை". இன்று, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

அப்படியென்றால் இடிப்பவன் புரட்சிக்காரனா?

நிச்சயமாக இல்லை. பஸ்ஸில் பாட்டியைத் தள்ளிவிட்டு ஸீட் பிடிப்பது சுயமரியாதை ஆகாது. பொன்னுத்தம்பி பூட்ஸ் போட்டது யாருடைய காலையும் மிதிப்பதற்கு அல்ல. பழைய மரியாதையில் பாதி பயத்தால் வந்தது. பயம் போனது நல்லது. ஆனால் பயம் இல்லாமலே அடுத்தவரை மதிக்கும் பழக்கம் அந்த இடத்தில் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை. இன்றைய முரட்டுத்தனத்தில் ஒரு பகுதி இந்த இடைவெளியில் முளைத்ததுதான்.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். இன்று யார் யாரைத் திட்டுகிறார்கள்? ஓட்டலில் டேபிள் துடைக்கும் பையனை, குப்பை அள்ளும் தொழிலாளியை, வாசலில் நிற்கும் வாட்ச்மேனை. அதே ஆள், மேலதிகாரி முன்னால் கைகட்டி நிற்கிறார். ஆக, முரட்டுத்தனம் புதிதாகப் பிறக்கவில்லை. அன்றும் அது மேலிருந்து கீழேதான் பாய்ந்தது, இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் பாய்கிறது. கீழே இருப்பவர் திருப்பிக் கேட்கும்போதுதான் "காலம் கெட்டுவிட்டது" என்ற சத்தம் பலமாகக் கேட்கிறது.

வாகனத்தில் போகிறவர் முதலில்...

கோட்டக்குப்பம் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஊர். "அஸ்ஸலாமு அலைக்கும்" என்ற குரல் தெருவெல்லாம் கேட்கும். பணக்காரருக்கும் ஏழைக்கும் அதே சொல், அதே பதில். யார் முதலில் சலாம் சொல்ல வேண்டும் என்பதற்கும் நபிமொழியில் ஒரு விதி உண்டு. சிறியவர் பெரியவருக்குச் சொல்ல வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அதோடு இன்னொன்றும் இருக்கிறது. வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் சொல்ல வேண்டும்!

பழைய "முறை"யில் நடந்து போகிறவன்தான் ஒதுங்கி நின்று கும்பிட வேண்டும். இங்கே உயரத்தில் இருப்பவர் முதலில் இறங்கி வர வேண்டும். மரியாதை குறைகிறதா, கூடுகிறதா என்று அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

அடுத்த முறை பஸ் ஸ்டாப்பில் "காலம் கெட்டுப் போச்சு" என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். "யாருக்குக் கெட்டுப் போச்சுங்க ஐயா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்...