ஜொகூர் – சிங்கப்பூர் மின் இணைப்பு

தீபகற்ப மலேசியாவின் மின்கட்டமைப்பையும் சிங்கப்பூரின் மின்கட்டமைப்பையும் சேர்ப்பவை ஜொகூர் நீரிணையின் அடியில் செல்லும் மின்வடங்கள். ஒரு முனை ஜொகூர் பாருவை அடுத்த பிளெந்தோங், மறுமுனை சிங்கப்பூரின் செனோக்கோ. 1980களின் நடுவில் அமைந்த இந்த இணைப்பு நெடுங்காலம் வணிகத்துக்குப் பயன்படவில்லை. ஒரு பக்கம் மின்னாக்கி பழுதானால் மறுபக்கம் கைகொடுக்கும், அவ்வளவே.

இரு பக்கமும் மின்சார விலையில் பெரும் வேறுபாடு உண்டு. 2024இல் ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் ஒரு குடும்பம் மாதத்தின் முதல் 200 யூனிட்டுக்கு, யூனிட் ஒன்றுக்கு 21.80 சென் கட்டியது. தெற்கே சுமார் 90 கி.மீ. தள்ளி, ஜொகூர் நீரிணைப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் நுழைந்தால், வரிக்கு முன்பே 29 முதல் 30 சிங்கப்பூர் காசு, அதாவது ஏறக்குறைய ஒரு ரிங்கிட். சிங்கப்பூர் தன் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காட்டை இறக்குமதி எரிவாயுவிலிருந்து எடுக்கிறது. 2021இன் பிற்பகுதியில் எரிவாயு விலை எகிறியபோது அங்கே மின் விற்பனை நிறுவனங்கள் சில கடையை மூடின. மலேசியாவுக்கோ சொந்த எரிவாயு உண்டு. தஞ்சோங் பின் போன்ற நிலக்கரி நிலையங்களும் உண்டு. எரிபொருள் விலையேற்றத்தில் ஒரு பகுதியை அரசும் தாங்கியது. ஆகவே மலேசியாவின் மலிவில் ஒரு பகுதி இயற்கை தந்தது, ஒரு பகுதி கருவூலம் தந்தது எனலாம். 2025 ஜூலையில் தீபகற்ப மலேசியாவில் யூனிட்டுக்கான சராசரி அடிப்படைக் கட்டணம் 39.95 சென்னிலிருந்து 45.40 சென்னாக உயர்ந்தது.

மானிய மின்சாரத்தை அண்டை நாட்டுக்கு விற்பது எளிதில் ஒப்பக்கூடியதல்ல. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் ஏற்றுமதியை மலேசியா 2021இல் தடுத்து, 2023இல் அனுமதித்தது. 2024 ஏப்ரலில் பசுமை மின்சாரத்துக்கு ஏலச் சந்தை ஒன்றைத் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் மலேசிய மின் நிறுவனமான தெனாகா நேஷனலின் 50 மெகாவாட் சிங்கப்பூரின் செம்ப்கார்ப் நிறுவனத்துக்குப் பாயத் தொடங்கியது.

அதற்கு முன்பே, 2022 ஜூனில், லாவோஸின் நீர்மின்சாரம் 100 மெகாவாட் வரை தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூரை எட்டியிருந்தது. மேம்படுத்தப்பட்ட ஜொகூர் இணைப்பின் திறன் சுமார் 1,000 மெகாவாட். வழியிலுள்ள நாடுகள் தம் கம்பிகளுக்குக் கடத்தல் கட்டணம் வாங்குவதால், தொலைவிலிருந்து வரும் மின்சாரம் வாங்கும் இடத்தில் மலிவாகிவிடுவதில்லை. சிங்கப்பூர் இறக்குமதியை நாடுவது கட்டணக் குறைப்பைவிட, கரிம உமிழ்வைக் குறைக்கவும் எரிவாயுவையே நம்பியிருப்பதைத் தளர்த்தவும்தான். 2035க்குள் குறைகரிம மின்சாரம் 6 ஜிகாவாட் இறக்குமதி செய்வதென 2024 செப்டம்பரில் அந்நாடு இலக்கை உயர்த்தியது. அது அதன் மின்தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.