பள்ளி விட்ட பிறகு: ஹல் ஹவுஸும் ஏழைச் சிறார் மன்றங்களின் வளர்ச்சியும்

பள்ளி விட்ட பின் ஏழைச் சிறுவர்கள் கூடி விளையாடவும் பயிலவும் ஊரார் முயற்சியால் நடத்தப்படும் சிறார் மன்றங்கள், அமெரிக்காவில் தோன்றிய காலத்தில் கல்வியை முதல் நோக்கமாகக் கொண்டிருக்கவில்லை. 1860இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் பெண்கள் சிலர் தொடங்கிய மன்றமும், 1876இல் நியூயார்க்கில் எழுந்த மன்றமும், தெருவில் திரிந்த சிறுவர்களை அங்கிருந்து விலக்கி நல்வழிப்படுத்தவே முற்பட்டன.

இந்நோக்கு விரிவடைந்த இடம் சிகாகோ. 1889இல் ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் அங்கு நிறுவிய ஹல் ஹவுஸ், லண்டனின் டாயின்பீ ஹாலை முன்மாதிரியாகக் கொண்ட ஒரு குடியேற்ற இல்லம். அதாவது, படித்தவர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே குடியேறி, அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருந்து தொண்டாற்றும் அமைப்பு. இத்தாலியரும் ரஷ்ய யூதரும் பிற புலம்பெயர்ந்தோரும் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியில், குழந்தைகளுக்கான மன்றங்கள் தொடக்கம் முதலே நடந்தன.

ஹல் ஹவுஸின் முதல் கிறிஸ்துமஸில் மிட்டாய் வழங்கப்பட்டபோது சிறுமியர் சிலர் அதை வாங்க மறுத்தனர். மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை ஆறு வாரங்களாக உழைத்துவந்த அவர்களுக்கு அதைக் காணவே பிடிக்கவில்லை என்பதை ஆடம்ஸ் பின்னாளில் தம் நூலில் பதிவு செய்தார். அதே குளிர்காலத்தில், மன்றத்துச் சிறுவர் மூவர் அருகிலிருந்த ஆலையின் ஒரே இயந்திரத்தில் அடிபட்டனர். அவர்களுள் ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் பொருத்தியிருக்கக்கூடிய தடுப்பு அந்த இயந்திரத்தில் இல்லை.

மன்றம் இல்லாதிருந்தால் இவை அந்தந்த வீட்டின் துயரமாகவே முடிந்திருக்கும். குழந்தைகளைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள் அங்கிருந்ததால் அவை பொதுப் பிரச்சினைகளாயின. ஹல் ஹவுஸில் வாழ்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லி முதலியோர் திரட்டிய சான்றுகளும் நடத்திய பரப்புரையும் சேர்ந்து 1893இல் இல்லினாய் மாநிலத்தின் தொழிற்சாலைச் சட்டத்துக்கு வழிகோலின; பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஆலை வேலையில் அமர்த்துவதை அச்சட்டம் தடைசெய்தது. கெல்லியே அம்மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக அமர்த்தப்பட்டார். பெண்களுக்கான எட்டு மணி நேர வேலை வரம்பை 1895இல் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோதிலும், வயது வரம்பு நிலைத்தது. இங்கு ஒன்றைக் கருத வேண்டும்: ஆலைக்குப் போகும் குழந்தைக்கு ‘பள்ளிக்குப் பிந்தைய நேரம்’ என ஒன்று கிடையாது, அந்நேரத்தை உண்டாக்கிய போராட்டத்தில் மன்றத்தை நடத்தியவர்களுக்கே முன்னணிப் பங்கு இருந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பென்னி குட்மன் என்னும் ஏழைத் தையற்காரர் மகன் ஹல் ஹவுஸ் சிறுவர் இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்துப் பழகியதும் அத்தகைய நேரத்தில்தான்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நடுவண் அரசு இத்துறையில் பெரிதும் இறங்கியது. பள்ளி விட்ட பின் குழந்தைகளுக்காக நடத்தப்படும் சமூகக் கற்றல் மையங்களுக்கு 1998இல் 4 கோடி டாலராக இருந்த ஒதுக்கீடு 2002இல் 100 கோடி டாலரானது. பணம் பெருகியதும் அளவுகோல் மாறியது. மையத்தின் பயன் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு எடைபோடப்பட்டது. 2003இல் வெளியான அரசு மதிப்பீட்டின் முதலாண்டு அறிக்கை மதிப்பெண்களில் பெரிய முன்னேற்றம் காணவில்லை; அதைக் காரணங்காட்டி ஒதுக்கீட்டை 60 கோடியாகக் குறைக்க அரசு முன்மொழிந்தது. மையத்தில் சேர்ந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் பள்ளி விட்ட பின் மற்றவர்களைவிடப் பாதுகாப்பாக உணர்ந்தனர் என்பதை அம்மதிப்பீட்டின் பிந்தைய அறிக்கைகளே காட்டின. ஹல் ஹவுஸ் அருகே ஆலை இயந்திரத்தில் அடிபட்ட சிறுவர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு, மையங்களை மதிப்பெண்ணை மட்டும் கொண்டு எடைபோடுவது ஏற்புடையதாகாது. அரசு முன்மொழிந்த குறைப்பை நாடாளுமன்றமும் ஏற்கவில்லை.