சரயு நதியில் போட்ட பதிவேடுகள்



அரசாங்க அலுவலகத்தில் கோப்பும் பேரேடுமாகவே காலம் தள்ளியவன் நான். பதிவேடு என்றால் இன்றைக்கும் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அப்படிப்பட்ட பதிவேடுகளை ஒரு ஊர் ஜனங்கள் ஒன்றுகூடி ஆற்றில் போட்டதும், சுமார் பத்து வருடம் கழித்து அவர்களே தங்கள் காட்டுக்குப் பதிவேடு எழுதத் தொடங்கியதும் இமயமலையின் குமாவூன் பகுதியில் நடந்தவை.

நாங்கள் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், புவியியல் வகுப்பில் கங்கைக்கு முன்பே ரோன், துய்ரான்ஸ் நதிகள் வந்துவிடும். ஆல்ப்ஸ் மலையில் காடு அழிந்ததால் ஓடைகள் பெருக்கெடுத்து வயல்களைக் கல்லாலும் மண்ணாலும் மூடின. 1856-இல் பிரான்ஸில் பெருவெள்ளம் வந்தது. 1860-இல் மலைகளில் மறுபடி காடு வளர்க்கச் சட்டம் போட்டார்கள். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலங்களில் அரசாங்கமே இறங்கி மரம் நட்டது. ஆடு மேய்த்துப் பிழைத்தவர்கள் எதிர்த்தார்கள். அதனால் 1864-இல் மரத்துக்குப் பதில் புல் வளர்க்கவும் வழிவிட்டார்கள். பிறகு 1882-இல் வேறொரு சட்டம் வந்தது. மலையைக் காப்பது சர்க்கார் வேலை, மலைவாசி அதற்கு இடைஞ்சல் என்ற எண்ணம்தான் அதற்கெல்லாம் அடிப்படை. குமாவூனிலும் அதே எண்ணத்தோடுதான் தொடங்கினார்கள். முடிந்தது வேறு விதமாக.

குமாவூன் என்பது நைனிதால், அல்மோரா, பாகேஷ்வர், பித்தோராகட் பக்கம். நந்தாதேவி, பஞ்சசூலி போன்ற பனிச்சிகரங்கள் மேலே நிற்கின்றன. சரயு, பிண்டர், கோரி கங்கை ஆறுகள் கீழே இறங்கி வருகின்றன. வயல்கள் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டியவை. மாட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு, வயலுக்கு எரு ஆகும் இலைச்சருகு எல்லாம் காட்டிலிருந்து வர வேண்டும். அதைச் சுமந்து வருகிறவர்கள் பெண்கள். பாஞ்ச் என்கிற ஓக் மரக்காடு இருந்தால் ஊற்றில் தண்ணீர் நிற்கும் என்பது அவர்கள் அனுபவம்.

1815-இல் குமாவூன் கும்பினியார் கைக்கு வந்தது. டிரெயில் என்ற அதிகாரி 1823-இல் ஊர் எல்லைகளை எழுதி வைத்தார். அது விக்கிரம வருடம் 1880. அதனால் அந்த எல்லைக்கு 'ஸன் அஸ்ஸி', அதாவது எண்பதாம் வருடத்து எல்லை, என்றே பெயர். காடும் மேய்ச்சலும் அந்த எல்லைக்குள் அடங்கும் என்று ஜனங்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் 1893-இல் அளக்கப்படாத நிலம் அனைத்தும் பாதுகாக்கப்பட்ட காடு என்று அரசு அறிவித்தது. 1911 முதல் 1917 வரை பெரும்பகுதியை ரிசர்வ் காடாக்கினார்கள். ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும், டர்பன்டைனுக்குச் சீட் பைன் மரத்துப் பிசின் வேண்டும். மேய்ச்சலுக்கும் தழை ஒடிக்கவும் கட்டுப்பாடு வந்தது. புதுப்புல் முளைக்க வருடாவருடம் தீ வைக்கும் வழக்கமும் குற்றமாயிற்று.

இதற்கு மேல் 'பேகார்' என்ற கூலியில்லாச் சுமை வேலை. முகாம் வரும் அதிகாரிகளின் மூட்டை முடிச்சுகளை ஊரார் முறைவைத்துச் சுமக்க வேண்டும். யார் முறை என்பதற்கு ஊர்த் தலைவரிடம் பதிவேடு உண்டு. 1921 ஜனவரியில், நமக்குப் பொங்கல் வரும் அதே சமயத்தில், பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழா கூடியது. பத்ரிதத் பாண்டே முதலியோர் பேச, ஊர்த் தலைவர்கள் பதிவேடுகளைக் கொண்டுவந்து சரயுவும் கோமதியும் கூடும் இடத்தில் தண்ணீரில் போட்டார்கள். அந்தக் கோடையில் ரிசர்வ் காடுகளும் பல இடங்களில் எரிந்தன.

சிறையில் தள்ளி மட்டும் இதை அடக்க முடியாது என்று அரசு கண்டுகொண்டது. கமிஷனர் விண்டம் தலைமையில் குறை கேட்கும் குழு ஒன்று ஊர் ஊராகச் சென்று விசாரித்தது. வியாபாரத்துக்கு அதிகம் உதவாத காடுகளை வனத்துறையிடமிருந்து எடுத்து வருவாய்த்துறையிடம் விடச் சொன்னது. ஊராரே காட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அப்போது வந்ததுதான். 1931-இல் அதற்கு விதிகள் வெளியாயின. இதுதான் வன பஞ்சாயத்து.

அதன் நடைமுறை எளிமையானது. ஊரார் பஞ்சாயத்தாரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்களில் ஒருவர் சர்பஞ்ச். காட்டை விற்கவோ பங்கு போடவோ முடியாது. காவல்காரருக்குச் சம்பளம் ஊரார் தருவார்கள், பல ஊர்களில் பணமாக, சில ஊர்களில் தானியமாக. வருடத்தில் குறித்த நாட்களில்தான் புல் அறுக்கக் காடு திறக்கும். மீறி நுழைந்தால் அரிவாளையும் கயிற்றையும் பிடுங்கி வைத்து அபராதம் போடுவார்கள். கூட்டக் குறிப்பு, வரவு செலவு, அபராதப் பட்டியல் எல்லாம் எழுதி வைப்பார்கள். இந்தக் காகிதங்களைக் கொண்டுதான் அருண் அக்ரவால் என்ற பேராசிரியர் 2005-இல் குமாவூன் காடுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். காட்டுக்குத் தீ வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதற்குக் காவல் நிற்பது எப்படி என்பது அவர் எழுப்பிய கேள்வி.

இன்று உத்தராகண்ட் மாநிலத்தில் சுமார் 12,000 வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. கோரி கங்கைப் பள்ளத்தாக்கில் முன்ஸியாரி அருகே சர்மோலி என்ற ஊர் உண்டு. அங்கே பெண்கள் தங்கள் வீட்டிலேயே பயணிகளைத் தங்கவைத்துச் சம்பாதிக்கிறார்கள். அந்தத் தொழிலையும் ஊர்க்காட்டைக் காக்கும் வேலையையும் சேர்த்தே நடத்துகிறார்கள். 2023-இல் மத்திய சுற்றுலாத்துறை அந்த ஊரைச் சிறந்த சுற்றுலாக் கிராமமாகத் தேர்ந்தெடுத்தது.

எல்லாம் நன்மை என்று சொல்ல மாட்டேன். காட்டை அதிகம் நம்பியிருந்த பெண்களும் ஏழைகளும் தாழ்த்தப்பட்ட மக்களும் பஞ்சாயத்தில் உட்கார வெகுகாலம் ஆயிற்று. பெயருக்கு மட்டும் இருக்கும் பஞ்சாயத்துகளும் உண்டு. இளைஞர்கள் பிழைப்புக்குச் சமவெளிக்குப் போய்விட, காவலுக்கு ஆள் குறைகிறது. விதிகளையும் 1976, 2001, 2005 ஆண்டுகளில் மாற்றினார்கள். 2001 முதல் வனத்துறையின் கை அதிகம் நுழைந்திருக்கிறது.

அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் இந்தக் கடைசி விஷயம்தான் என்னை உறுத்துகிறது. ஒரு அதிகாரம் ஊராரிடமிருந்து இலாகாவுக்குப் போக ஒரு கடிதமும் ஒரு கையெழுத்தும் போதும். திரும்பி ஊருக்கு வர எத்தனை வருடம் ஆகும் என்பதை 1893-க்கும் 1931-க்கும் நடுவே எண்ணிப் பாருங்கள். 38 வருடம். அதற்குள் ஒரு தலைமுறைக்குத் தன் காடு எது என்பதே மறந்துபோயிருக்கலாம். குமாவூன்காரர்கள் மறக்காததற்கு அந்த எண்பதாம் வருடத்து எல்லையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். நம் பக்கத்து ஏரி, குளம், மேய்க்கால் புறம்போக்குகளுக்கும் பழைய எல்லை எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள்தான் குறைவு.

பத்ரிநாத், கேதார்நாத் யாத்திரை போகும் நண்பர்கள் வழியில் காட்டோரமாக 'வன் பஞ்சாயத்' என்று எழுதிய பலகையைக் கண்டால் வண்டியைச் சற்று நிறுத்திப் பாருங்கள். அந்தக் காட்டுக்குக் காவல் அந்த ஊர்க்காரர்கள்தான்.