வீடு முழுக்க ஒரே பாட்டு: ஸ்பீக்கர் வாங்கும் முன் இதை கவனிங்க!

ஹாலில் ஓடும் பாட்டு சமையலறையிலும் மாடியிலும் ஒரே நேரத்தில் கேட்கணுமா? இதுதான் 'மல்டி ரூம் ஆடியோ'. மதகடிப்பட்டு மாதிரி ஊர்களில் உள்ள சாதாரண மாடி வீட்டிலும் இதை அமைக்கலாம்.

புளூடூத் போதுமா?
போதாது. போனுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சுவர்கள் வந்தால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். வைஃபை ஸ்பீக்கர்தான் சரி.

எப்படி இணைப்பது?
எல்லா ஸ்பீக்கரையும் ஒரே வைஃபையில் இணைத்து, அலெக்ஸா அல்லது கூகுள் ஹோம் செயலியில் ஒரே குழுவாகச் சேர்க்கணும். அப்போதுதான் ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் பாட்டு முன்னே பின்னே ஓடாது.

எங்கே பணம் வீணாகும்?
அமேசான் எக்கோவும் கூகுள் நெஸ்ட்டும் நேரடியாக ஒரே குழுவில் சேராது. ஆஃபரைப் பார்த்து ஆளுக்கொரு கம்பெனி வாங்காதீங்க. முதலில் இரண்டு வாங்கி சோதித்துவிட்டு, பிறகு மற்ற அறைகளுக்கு வாங்கலாம்.

மாடியில் சிக்னல் வரலையா?
ரூட்டரை வீட்டின் நடுவில் வையுங்க. 5 கிகாஹெர்ட்ஸை விட 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவர்களை நன்றாகத் தாண்டும்.

கரண்ட் போனால்?
ரூட்டர் நின்றால் பாட்டும் நின்றுவிடும். ரூட்டர், ஸ்பீக்கர் இரண்டுக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்க.

இரவில் கவனம்!
குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலி வரம்பு 45 டெசிபல்தான். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கட்டும், சத்தத்தைக் குறைச்சுக்கோங்க.