அடுத்து எந்தப் பாவு?

மருதமுனைக் கைத்தறியைப் பற்றிப் பேசினா சாறனின் நிறத்தையும் உழைப்பையும்தான் எல்லாரும் சொல்லுவாங்க. தறி சும்மா நிக்கிற நேரத்தைப் பற்றி நாங்கள் கொஞ்சம் பேசுவோம்.

ஒரு பாவு நெய்து முடிந்தால் புதுப்பாவு ஏற்ற ரெண்டு வழி. ஒண்டு, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக விழுதிலும் அச்சிலும் கோர்ப்பது. மற்றது, பழைய பாவின் மிச்ச இழைகளோடு புது இழைகளை முடிச்சுப் போட்டு இழுத்துவிடுவது. முடிச்சு வேலை சுருக்கம். ஆனா இழைக் கணக்கும் அச்சும் ஒத்துப்போகணும். அதனால ஒரே அச்சுச் சாறன்களை அடுத்தடுத்து நெய்துவிட்டு, பிறகுதான் சேலைக்கு மாறுவது புத்தி. சாயத்திலும் இதே கணக்குத்தான்: வெளிர் நிறம் முதல், கடும் நிறம் கடைசி. மாற்றிச் செய்தா சட்டி கழுவியே பொழுது போகும்.

ஜப்பானில் சகிச்சி டொயோடாவின் 1924ஆம் ஆண்டுத் தறி, ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றியது. அந்தத் தறிக் கம்பனியிலிருந்துதான் டொயோட்டா கார் பிறந்தது. பிற்காலத்தில் அங்கே ஷிகெயோ ஷிங்கோ, நாலு மணித்தியாலம் எடுத்த டை மாற்றத்தை மூன்று நிமிடமாக்கினார். இதை உலகமே பாடமாகப் படிக்குது.

இங்கே 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மலிவுத் துணியோடு மோதவேண்டிய தறிக்கு, பத்து டிசைனில் பத்துச் சாறன் கேட்கும் ஓடர் வந்தால் ஒழுங்குபடுத்த இடமேது? எங்களுக்கு உறுத்துவது இதுதான்: தொழிற்சாலையில் மாற்று நேரம் முதலாளியின் நட்டம். சாறனுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கோ, முடிச்சுப் போட்ட நாளுக்குச் சம்பளமே இல்லை.