அணுவெடிப்பு எச்சங்களின் ஐசோடோப்புப் பகுப்பாய்வு

அணுகுண்டு வெடித்தபின் காற்றிலும் மண்ணிலும் எஞ்சும் துகள்களில் எந்த ஐசோடோப்பு எவ்வளவு என்று அளந்து, வெடித்தது எவ்வகைக் குண்டு, அதன் ஆற்றல் எவ்வளவு என்று கணிக்கும் கதிரியக்க வேதியியல் முறை.

சிவகாசி மத்தாப்புக்குப் பச்சை தந்துவந்தது பேரியம் நைட்ரேட். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் நைட்ரேட். எரிந்த சாம்பலை அள்ளிச் சோதித்தாலும் மருந்தில் கலந்த அதே பேரியம்தான் கிடைக்கும். வேதிவினை அணுக்கருவைத் தொடுவதில்லை. அணுகுண்டிலோ யாரும் போடாத பேரியம் பிறக்கிறது. யுரேனியமும் புளூட்டோனியமும் பிளந்து உண்டாகும் பேரியம்-140இன் அரை ஆயுள் ஏறத்தாழ 13 நாள். அதன் அளவிலிருந்து எத்தனை அணுக்கள் பிளந்தன என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம். அணுக்கருப் பிளவே 1938இல் ஜெர்மனியில் பேரியத்தைக் கொண்டுதான் பிடிபட்டது.

1945இல் நியூ மெக்சிகோவில் நடந்த முதல் அணுவெடிப்பின் குழியில் எடுத்த மண்ணோடு இம்முறை தொடங்கியது. 1949 ஆகஸ்ட் 29இல் சோவியத் ஒன்றியம் ரகசியமாக வெடித்ததை, செப்டம்பர் 3 அன்று கம்சாத்கா அருகே பறந்த அமெரிக்க விமானத்தின் வடிதாள் காட்டிக்கொடுத்தது. 1954 மார்ச் 1இல் பிகினி பவழத்தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது கொட்டியது. ஜப்பானிய வேதியியலார் அதில் யுரேனியம்-237ஐக் கண்டார்கள். வேக நியூட்ரான் தாக்கி யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை இழக்கும்போது அது உண்டாகும். வெளி உறையாக இருந்த சாதாரண யுரேனியமும் வெடிப்பில் பங்கெடுத்த ரகசியம் இப்படி வெளியே கசிந்தது. 1964இல் சீனா புளூட்டோனியம் குண்டுதான் வெடிக்கும் என்று எதிர்பார்த்த அமெரிக்கர்களுக்கு, தூசியில் யுரேனியம்-235 கிடைத்தது.

இந்தியாவில் இம்முறை பெரும் சர்ச்சைக்குள் வந்தது 1998 மே 11 பொக்ரானில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால்தான். வெடிப்பு பூமிக்கடியில் நடந்ததால் துளையிட்டுப் பாறை மாதிரிகளை எடுத்தார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் அவற்றில் பிளவுப் பொருள்களோடு சோடியம்-22, மாங்கனீசு-54 ஆகியவற்றையும் அளந்தனர். பாறையிலுள்ள சோடியம்-23இலிருந்து ஒரு நியூட்ரானைத் தட்டிவிட மிகுந்த ஆற்றல் வேண்டும். அத்தகைய நியூட்ரான்களைப் பெருமளவில் தருவது அணுக்கருப் பிணைவு. ஆகவே ஹைட்ரஜன் குண்டு வேலை செய்தது என்பது அவர்கள் முடிவு. 1999இல் அவர்கள் வெளியிட்ட ஆற்றல் கணக்கு: 50 கிலோ டன், 10 கூடவோ குறையவோ.

திருநெல்வேலியில் பிறந்த பி. கே. ஐயங்கார், அணுசக்தி ஆணையத் தலைவராக இருந்தவர், பிணைவுப் பகுதி ஓரளவே எரிந்திருக்கும் என்று வாதிட்டார். 2009இல், சோதனையில் பங்கேற்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. சந்தானமும் குண்டு எதிர்பார்த்த ஆற்றலைத் தரவில்லை என்றார். அணுசக்தித் துறையின் ஆர். சிதம்பரமும் அனில் ககோட்கரும் மறுத்தார்கள். ஆனால் பிளவின் பங்கு எவ்வளவு, பிணைவின் பங்கு எவ்வளவு என்பதையும் ஐசோடோப்புகளின் முழு அளவுகளையும் சொன்னால் குண்டின் சேர்மானம் தெரிந்துவிடும் என்று அவற்றை வெளியிடவில்லை. வெளியார் சரிபார்க்க வேண்டிய எண்களே அவைதான்.